பழைய கடைக் கட்டடத்தைச் செப்பனிட்டால் 20% திரும்பக் கிடைக்குமா?

கேள்வி | 3 ஆகஸ்ட் 2025

வணக்கம். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் டவுன்டவுனில், 1928ல் கட்டிய இரண்டு மாடிச் செங்கல் கட்டடம் விலைக்கு வருகிறது. கீழே கடை, மேலே பூட்டிக்கிடக்கும் ஆபீஸ் அறைகள். ஒழுகுகிறது, வயரிங் பழசு, முகப்பு முழுக்க அலுமினியத் தகடு. "செலவு செய்கிறதில் 20% கவர்மென்ட் திருப்பித் தந்துவிடும். அது அமையாவிட்டாலும் 1936க்கு முந்தின கட்டடம் என்பதால் 10% நிச்சயம்" என்கிறார் ரியல்டர் (கட்டடத் தரகர்). நானும் மனைவியும் ஐடி வேலை. வாடகைக்கு விடத்தான் வாங்க நினைக்கிறோம். இதை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

3 ஆகஸ்ட், இரவு

செய்திருக்கிறேன். நானும் ஒஹாயோதான். கீழே என் மளிகைக் கடை, மேலே வாடகை.

அந்த 10% செத்துப்போய் எட்டு வருஷம் ஆகிறது. 1986 வரிச்சட்டத்தில் வந்தது, 2017 டிசம்பர் சட்டத்தில் போனது. உங்கள் ரியல்டருக்கு யாராவது துக்கச் செய்தி சொல்லி அனுப்புங்கள்.

20% உயிரோடு இருக்கிறது, ஆனால் வயசுக்காகக் கொடுப்பதில்லை. கட்டடம் தனியாகவே தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அல்லது பதிவான வரலாற்றுப் பகுதிக்குள் இருந்து, அந்தப் பகுதியின் சிறப்புக்குப் பங்களிக்கும் கட்டடம் என்று ஏற்கப்பட வேண்டும். பதிவேட்டில் இல்லாத 1890ஆம் வருஷக் கட்டடத்துக்கு ஒரு பைசா கிடையாது. விலை பேசுவதற்கு முன்னால் மாநிலத்தின் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், முகவரி மட்டும் கொடுத்தால் போதும்.

4 ஆகஸ்ட்

"திருப்பித் தந்துவிடும்" என்றால் செக் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கட்ட வேண்டிய வரியில் குறையும், அவ்வளவுதான். அதைத்தான் டாக்ஸ் கிரெடிட் என்கிறார்கள். அதுவும் மொத்தமாக அல்ல: 2017 சட்டத்துக்குப் பிறகு வருஷத்துக்கு 4% வீதம் ஐந்து வருஷம். 2 லட்சம் டாலர் செலவழித்தால் 40,000, அதாவது வருஷத்துக்கு 8,000. காண்டிராக்டருக்கோ மொத்தத்தையும் இந்த வருஷமே கொடுத்தாக வேண்டும். நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்புவது உங்கள் லோன்.

6 ஆகஸ்ட்

ரியல்டர் சொல்லாத இன்னொன்று. கொஞ்சமாகச் செப்பனிட்டால் கிரெடிட்டே கிடையாது. 24 மாத காலத்துக்குள் நீங்கள் செய்யும் தகுதியான செலவு, கட்டடத்தின் 'சரிக்கட்டிய அடக்க விலை'யைத் தாண்ட வேண்டும் (அது 5,000 டாலருக்குக் கீழே இருந்தால் 5,000ஐ). அடக்க விலை என்பது நீங்கள் வாங்கின விலையில் நிலத்தின் பங்கைக் கழித்து, இதுவரை எழுதிய தேய்மானத்தை (கட்டடம் பழசாவதற்காக வருஷாவருஷம் வரிக்கணக்கில் காட்டும் தொகை) கழித்து, நடுவில் செய்த பெரிய வேலைகளைக் கூட்டினால் வருவது.

கணக்காகப் போட்டால்தான் விளங்கும். ஒருவர் 1,60,000க்கு வாங்கினார், அதில் நிலம் 40,000. கட்டடத்தின் 1,20,000ஐ 39 வருஷத்தில் சமமாகத் தேய்க்க வேண்டும். 13 வருஷம் வைத்திருந்தால் 40,000 தேய்ந்திருக்கும், மிச்சம் 80,000. அவர் 80,000க்கு மேல் ஒரு டாலர் செலவழித்தாலும் வாசலைத் தாண்டிவிட்டார். அதே கட்டடத்தை அதே விலைக்கு நேற்று வாங்கியவர் 1,20,000ஐத் தாண்ட வேண்டும்.

அதனால் இது புதிதாக வாங்குபவரைவிட ரொம்ப நாளாக வைத்திருப்பவருக்குத்தான் வாகானது. எனக்கு இது ஒத்துவந்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை. கூரையை மாற்றக் காசில்லாமல் வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டேன், அதற்குள் அடக்க விலை கரைந்துவிட்டது.

6 ஆகஸ்ட், மறுபடி

நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலையை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். ஒஹாயோவில் கவுண்டி ஆடிட்டர் (சொத்து மதிப்பைப் பதியும் மாவட்ட அதிகாரி) இணையதளத்தில் இரண்டும் தனித்தனியாகவே இருக்கும். அந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமில்லை, ஆனால் சிபிஏக்கள் (வரிக் கணக்காளர்கள்) பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

24 மாதத்தில் முடியாத பெரிய வேலை என்றால் 60 மாதம் வரை வழி உண்டு. ஆனால் தொடங்குவதற்கு முன்பே கட்டம் கட்டமாக வரைபடம் தயாராக இருக்க வேண்டும். பாதியில் நேரம் போதவில்லை என்று கேட்டால் நடக்காது.

9 ஆகஸ்ட்

ஜன்னல் கதை. கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் இங்கேதான் முட்டுகிறது.

மாடியில் மரச்சட்ட ஜன்னல்கள், மேலும் கீழும் நகர்கிற வகை, சுவருக்குள்ளே இரும்புக் குண்டு கட்டித் தொங்கும். குளிர்காலத்தில் திரைச்சீலை தானாக ஆடும். காண்டிராக்டர் வினைல் ஜன்னலுக்கு விலை கொடுத்தார். நான் சரி என்று சொல்ல இருந்த வாரத்தில்தான் ஆர்க்கிடெக்ட், "பார்ட் 2 அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

விண்ணப்பம் மூன்று பாகம். முதல் பாகம், கட்டடம் வரலாற்றுத் தகுதி உள்ளதுதானா என்பது. இரண்டாவது, என்ன வேலை, எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்பது. மூன்றாவது, முடித்த பிறகு சொன்னபடிதான் செய்தீர்களா என்பது. முதலில் மாநில அலுவலகம் பார்க்கும், பிறகு தேசியப் பூங்கா சேவை முடிவு சொல்லும். (யெல்லோஸ்டோனில் கரடியைப் பார்த்துக்கொள்கிற அதே துறை என் கடை ஜன்னலையும் பார்த்தது.) இரண்டாம் பாகத்துக்கு ஒப்புதல் வருவதற்கு முன் வேலையை ஆரம்பிக்கத் தடை இல்லை, ஆனால் ரிஸ்க் முழுக்க உங்களுடையது. ஆரம்பித்த வேலை அவர்கள் அளவுகோலுக்கு ஒத்துவராவிட்டால் கிரெடிட் பறிபோவது அந்த ஜன்னலுக்கு மட்டும் இல்லை, மொத்தத் திட்டத்துக்கும்தான்.

அளவுகோல் பத்து விதிகள். சாரம் இதுதான்: செப்பனிட முடிந்ததைச் செப்பனிடு, முடியாவிட்டால் மட்டும் மாற்று, மாற்றினால் பழையதைப் போலவே மாற்று. வினைலுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். உளுத்த அடிச்சட்டங்களை மட்டும் மாற்றி, கயிறு புதுசாகக் கட்டி, வெளியே ஒரு கூடுதல் கண்ணாடித் தடுப்புப் போட்டோம். வினைல் விலையைவிடக் கூடத்தான் ஆனது. அப்போது நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

இப்போது அந்த ஜன்னல்களைப் பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக அதிகச் செலவு மறைந்துவிடாது. 20% கிடைக்கிறது என்று கணக்குப் போடும்போது, அதற்காக எந்தெந்த வேலை எவ்வளவு விலை கூடுகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

10 ஆகஸ்ட்

"செங்கல்லை மணல் வீச்சில் சுத்தம் செய்து பெயின்ட் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடுமே" என்றவருக்கு: ஆகும், கிரெடிட்டும் ஆகாயத்தில் போகும். பழைய செங்கல்லின் சுட்ட மேல்தோல்தான் அதற்குக் கவசம். அதை உரித்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும், பனியில் உறையும், பொரிப்பொரியாக உதிரும். விதியிலேயே பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள்.

பாயிண்டிங்கும் அப்படியே. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் இடைச்சாந்தை வெறும் சிமென்டால் நிரப்பியிருந்தார். சாந்து கல்லைவிடக் கடினமாக இருந்தால் சுவர் அசையும்போது உடைவது கல்தான். சுண்ணாம்பு கலந்த மெத்தென்ற சாந்து தேடிப் பூச வேண்டியிருந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டின நம்மூர்ப் பழைய வீட்டில் சிமென்ட் ஒட்டுப்போட்டுக் கெடுத்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள், கை தூக்க வேண்டாம்.

14 ஆகஸ்ட்

முக்கியமானதற்கு வருகிறேன், முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது. தம்பி, நீங்கள் இருவரும் ஐடி, வாடகைக்கு விடப்போகிறோம் என்றீர்கள்.

வாடகைக் கட்டடத்தில் வரும் கிரெடிட், சட்டத்தின் கண்ணில் 'பாஸிவ்', அதாவது நீங்கள் நேரடியாக உழைத்து நடத்தாத தொழிலிலிருந்து வருவது. சம்பளத்துக்கான வரியில் அதைக் கழிக்க முடியாது. வாடகை மாதிரியான பாஸிவ் வருமானத்துக்கு வரும் வரியில்தான் கழிக்கலாம். செப்பனிட்டு முடித்த முதல் சில வருஷம் வட்டியும் தேய்மானமும் போக வாடகையில் லாபம் எங்கே இருக்கிறது? லாபமில்லை, அதனால் வரியில்லை, அதனால் கழிக்க இடமில்லை.

ஒரு சின்னக் கதவு உண்டு. 25,000 டாலர் வருமானத்துக்கு எவ்வளவு வரியோ, அந்த அளவுக்குச் சம்பள வரியிலும் கழிக்கலாம். 22% வரிப் படியில் இருப்பவருக்கு வருஷம் 5,500. நான் போட்ட உதாரணத்தின் 8,000ல் 5,500 உடனே பயன்படும், மிச்சம் தேங்கும். ஆனால் இந்தக் கதவு வருமானம் 2,00,000ஐத் தாண்டியதும் மூடத் தொடங்கி 2,50,000ல் முழுசாகச் சாத்திக்கொள்ளும். கணவனும் மனைவியும் ஐடி என்றால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்க முடிகிறது.

தேங்கினது அழியாது, அடுத்தடுத்த வருஷத்துக்கு நகரும். ஆனால் கட்டடத்தை விற்கிற வருஷம் தேங்கிய நஷ்டம் முழுக்க விடுபடுவது மாதிரி தேங்கிய கிரெடிட் தானாக விடுபடாது. இதைப் பலர் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சீக்கிரம் விற்கவும் முடியாது. வேலை முடிந்து பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் வருஷத்துக்குள் விற்றால் கிரெடிட் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும், பிறகு வருஷத்துக்கு 20% வீதம் அந்தப் பிடி தளரும். ஐந்து வருஷம் முடிந்தால் விடுதலை.

15 ஆகஸ்ட்

"அப்படியானால் உங்களுக்கு மட்டும் எப்படிக் கழிந்தது?" நியாயமான கேள்வி. கீழே கடையை நானே நடத்துகிறேன், கட்டடத்தின் பெரும்பகுதி என் வியாபாரத்துக்குத்தான். அந்தப் பங்குக்கு வந்த கிரெடிட் பாஸிவ் இல்லை. மாடி வாடகைப் பங்கு எனக்கும் தேங்கித்தான் நிற்கிறது.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. கட்டடத்தை ஒரு எல்எல்சியிலும் (தனி நிறுவனம்) கடையை இன்னொன்றிலும் வைத்து, தனக்குத் தானே வாடகை கொடுத்துக்கொள்வது நம் ஆட்களிடம் சகஜம். அந்த வாடகை லாபத்தை வரித்துறை பாஸிவ் வருமானமாக ஏற்காது, கட்டடத்தின் கிரெடிட்டை மட்டும் பாஸிவ் என்றே வைத்திருக்கும். இரண்டு பக்கமும் அடி. இரண்டிலும் உரிமை விகிதம் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றாகச் சேர்த்துக் காட்ட விதி உண்டு, சிபிஏவிடம் அந்த ஒரு விஷயத்தை மட்டும் குறிப்பாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

16 ஆகஸ்ட்

கிரெடிட்டை வேறு ஒருவருக்கு விற்க முடியுமா? ஃபெடரல் கிரெடிட்டை நேரடியாக முடியாது. மிசூரி மாதிரி சில மாநிலங்கள் தங்கள் மாநிலக் கிரெடிட்டை விற்க விடுகின்றன. பெரிய திட்டக்காரர்கள் முதலீட்டாளரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வார்கள். அட்லாண்டிக் சிட்டியின் போர்டுவாக் ஹால் வழக்கில் 2012ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், லாப நஷ்டம் எதிலும் உண்மையான பங்கில்லாமல் கிரெடிட்டுக்காக மட்டும் உள்ளே வந்தவர் பங்குதாரரே அல்ல என்றுவிட்டது. எல்லாரும் ஆடிப்போனார்கள். 2014ல் வரித்துறையே 'இப்படிச் செய்தால் கேள்வி கேட்க மாட்டோம்' என்று ஒரு வழிமுறை வெளியிட்டது. இரண்டு மாடிக் கடைக்கு அந்த வக்கீல் செலவு கட்டாது.

ஒஹாயோவுக்கும் தனியாக மாநிலக் கிரெடிட் உண்டு, அடிப்படையில் 25%. ஆனால் போட்டி, விண்ணப்பித்தவர்களில் தேர்ந்தெடுப்பார்கள். நான் போகவில்லை.

19 ஆகஸ்ட்

சங்கத்துக்குப் பழைய சர்ச் வாங்கி இதில் சேர்க்கலாமா என்று ஒரு செயற்குழு அண்ணன் கேட்கிறார். அண்ணே, சங்கம் வரி கட்டுகிறதா? இல்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? உறுப்பினர் யாராவது வாங்கிச் செப்பனிட்டுச் சங்கத்துக்கு வாடகைக்கு விடலாம் என்றால், வரிவிலக்குள்ள அமைப்புக்கு விடும் குத்தகைக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. கட்டடத்தில் பாதிக்கு மேல் அப்படிப் போனால் சிக்கல். அதைவிட, பொங்கல் விழாவுக்கு வாடகை கொடுப்பதில் அந்த உறுப்பினருக்கும் செயற்குழுவுக்கும் வரப்போகும் சண்டையை எந்தச் சட்டத்தாலும் தீர்க்க முடியாது.

23 ஆகஸ்ட்

சென்னையில் இந்த மாதிரி இருந்தால் மவுண்ட் ரோடு தப்பித்திருக்குமே என்று இரண்டு மூன்று பேர். இருக்கலாம். ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்திய வருமான வரியில் கட்டட வாடகைக்கு 30% நிலையான கழிவு. செப்பனிட்டாலும் 30%, ஒரு ஓட்டைக்கூட மாற்றாவிட்டாலும் 30%. உண்மையான பழுதுபார்ப்புச் செலவைத் தனியாகக் காட்ட முடியாது. அப்படியிருக்க ஜார்ஜ் டவுனில் குறைந்த வாடகை வாங்கும் உரிமையாளர் எதற்காகக் கொத்தனாரைக் கூப்பிடுவார்? அவருக்குக் கட்டடத்தைவிட அடியில் இருக்கும் மனையும், மேலே கட்டக் கிடைக்கும் தளப்பரப்பும்தான் சொத்து.

அண்ணா சாலை பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006ல் இடிக்க ஆரம்பித்தார்கள், மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போனது, 2010ல் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2012ல் தமிழ்நாடு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இதெல்லாம் 'இடிக்காதே' என்று சொல்லும் வழிகள். 'செப்பனிடு, செலவில் பங்கெடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் வழி இல்லை. இடிக்கவும் விடாமல், செப்பனிடவும் ஆதாயமில்லாமல் வைத்தால் உரிமையாளர் மழைக்காகக் காத்திருப்பார்.

24 ஆகஸ்ட்

நேற்று எழுதினதைப் படித்துவிட்டு, அமெரிக்காவை ரொம்பத் தூக்கிவைத்துவிட்டேனோ என்று தோன்றியது. இங்கேயும் 1976 வரைக்கும் வரிச்சட்டம் இடிப்பவன் பக்கம்தான். இடிக்கும் செலவைக் கழித்துக்கொள்ளலாம், புதுக் கட்டடத்துக்கு வேகமான தேய்மானம் கிடைக்கும். 1976ல்தான் வரலாற்றுக் கட்டடத்தை இடித்தால் கழிவு இல்லை என்றார்கள். 1981ல் தாராளமாக்கினார்கள்: 30 வருஷக் கட்டடத்துக்கு 15%, 40 வருஷத்துக்கு 20%, வரலாற்றுக் கட்டடத்துக்கு 25%. செயின்ட் லூயிஸில் 1894ல் திறந்த யூனியன் ஸ்டேஷன் 1985ல் ஹோட்டலும் கடைகளுமாக மறுபடி திறந்தது அந்த அலையில்தான். 1986ல் 20%, 10% என்று குறைத்ததோடு, நான் மேலே புலம்பிய பாஸிவ் விதியையும் அதே சட்டத்தில்தான் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் டாக்டர்களும் வக்கீல்களும் பார்க்காத கட்டடத்தில் பணம் போட்டு வரியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வைத்த பூட்டில் இப்போது நாம் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

30 ஆகஸ்ட்

இன்றைக்கு இதைச் செய்வதாக இருந்தால் நான் மறுபடி யோசிப்பேன். 2025 ஜூலையில் வந்த சட்டம் 100% உடனடித் தேய்மானத்தை மறுபடி கொண்டுவந்திருக்கிறது. வியாபாரக் கட்டடத்தின் உள்வேலைகள் (லிஃப்ட், விரிவாக்கம், உள்ளமைப்புச் சட்டகம் நீங்கலாக) பலவும் அதில் வரும். வரலாற்றுக் கிரெடிட் கேட்கும் செலவை நேர்கோட்டில்தான், அதாவது வருஷாவருஷம் சமமாகத்தான் தேய்க்க வேண்டும், ஒரே செலவுக்கு இரண்டும் கிடையாது. போதாததற்கு, வாங்கிய கிரெடிட் அளவுக்குத் தேய்மான அடிப்படையும் குறையும்: 2 லட்சம் செலவில் 40,000 கிரெடிட் என்றால் 1,60,000தான் தேய்க்கலாம்.

ஆக, கடையைத் தானே நடத்தி நல்ல லாபம் பார்ப்பவருக்கு, உள்வேலை மட்டும்தான் என்றால், பார்ட் 1, 2, 3 எதுவும் இல்லாமல் முதல் வருஷமே முழுத் தேய்மானம் எழுதுவது சுலபம். கூரை, வெளிச்சுவர், ஜன்னல், முகப்பு என்று வெளிவேலை கனமாக இருந்தால் கிரெடிட் ஜெயிக்கும். தகுதியான செலவில் எதெல்லாம் சேராது என்பதையும் பாருங்கள்: வாங்கிய விலை சேராது, பின்னால் கூடுதலாகக் கட்டும் பகுதி சேராது, கார் நிறுத்துமிடம் சேராது. ஆர்க்கிடெக்ட் கட்டணம் சேரும்.

ஒன்று மட்டும் மாற்றிச் சொல்ல மாட்டேன். கிரெடிட்டுக்காகக் கட்டடம் வாங்காதீர்கள். எப்படியும் செய்தாக வேண்டிய வேலை இருந்தால் கிரெடிட்டைப் பாருங்கள்.

6 செப்டம்பர்

கேள்வி கேட்ட தம்பி நேற்றுத் தனியாக எழுதினார், அவர் சம்மதத்தோடு இங்கே. கட்டடம் வரலாற்றுப் பகுதிக்குள்தான் இருக்கிறதாம். ஆனால் பட்டியலில் 'பங்களிக்காதது' என்று போட்டிருக்கிறார்கள், காரணம் முகப்பை மூடின அலுமினியத் தகடு. ரியல்டர் "அவ்வளவுதான், விடுங்கள்" என்றுவிட்டாராம்.

விட வேண்டாம். பின்னால் வந்த மேல்மூடி பழைய முகப்பை மறைத்திருந்தால், அதில் ஒரு பகுதியைக் கழற்றிக் காட்டச் சொல்ல விதியிலேயே இடமிருக்கிறது. உள்ளே பழைய முகப்பு பெருமளவு கெடாமல் இருந்தால் தகுதி கிடைக்கும். பல ஊர்களில் தகட்டை ஆணி வைத்துத்தான் அடித்திருக்கிறார்கள், பின்னால் செங்கல் வேலைப்பாடு அப்படியே இருக்கும். சில ஊர்களில் தகடு சமமாக உட்கார வேண்டும் என்று துருத்திய அலங்காரத்தையெல்லாம் வெட்டி எறிந்திருக்கிறார்கள். எது என்று தெரியாமல் விலை பேச வேண்டாம். விற்பவரிடம் கேட்டு ஒரு ஓரத் தகட்டை மட்டும் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், தூக்குவதற்கு முன்னும் பின்னும் போட்டோவோடு. மாநில அலுவலகத்துக்கு அதை அனுப்பி வாய்மொழியாகவாவது அபிப்பிராயம் கேளுங்கள்.

பாஸிவ் கணக்கு அவருக்கு இன்னும் ஒத்துவரவில்லை. மனைவி வேலையை விட்டுவிட்டு கீழே பேக்கரி வைக்கலாம் என்று யோசிக்கிறாராம். வரிக்காகவா பேக்கரிக்காகவா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

8 செப்டம்பர்

பதில் வந்தது. பேக்கரிக்காகத்தானாம். அப்படியானால் பழைய கட்டடத்தில் அடுமனைப் புகைபோக்கியை எந்தப் பக்கம் வெளியே எடுப்பது என்பதை இரண்டாம் பாகத்தில் தெளிவாக வரைந்து காட்டுங்கள். தெருப்பக்கம் வேண்டாம், பின்சந்துப் பக்கம்.